சட்டைப்பைக் கத்தி: இரண்டு அடுக்குப் போதும்

லிந்துலைப் பக்கத்தில் கத்திக்குப் பஞ்சமில்லை. கவ்வாத்துக் காலத்தில் மலைக்குப் போகும் ஆளின் கையில் கவ்வாத்துக் கத்தி இருக்கும். லயத்து அடுப்படியில் தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் ஒரு வெட்டுக்கத்தி கிடக்கும். மரக்கறித் தோட்டம் செய்பவரிடம் லீக்ஸ் வேரை நறுக்க மெல்லிய அலகுள்ள கத்தி ஒன்று இருக்கும். இத்தனை இருக்கும்போது, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் சிறு கத்திக்கு எதற்குத் தனிக் காசு என்று வீட்டில் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன கத்திகள் எல்லாம் வேலை நடக்கும் இடத்திலேயே தங்கிவிடுகிறவை. சிறு வேலைகளோ இடம் பார்த்து வருவதில்லை. உரப்பையின் வாய்த் தையல், தலவாக்கலை பஸ்ஸில் ஏற்றும் மரக்கறி மூட்டையின் நைலோன் கயிறு, பீலியிலிருந்து லயத்துக்கு இழுத்த குழாயில் தளர்ந்துபோன கிளிப், கம்பி கழன்ற பிளக், வளையமில்லாத டின் மீன், மழையில் மடங்கிக்கொண்ட குடைக்கம்பி, விரலில் ஏறிய முள் என்று அவை வந்துகொண்டே இருக்கும். கையில் ஒன்றும் இல்லாதபோது என்ன செய்கிறோம்? கயிற்றைப் பல்லால் கடிக்கிறோம். பாதிச் சவர அலகைத் தாளில் சுற்றிப் பர்ஸில் வைத்திருக்கிறோம். கவ்வாத்துக் கத்தியின் நுனியால் டின்னைக் குத்துகிறோம். மூன்றுமே காயத்துக்கு வழி. அடுப்படிக் கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது உதவாது.

ஆகவே சட்டைப்பைக் கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதில் எத்தனை கருவி இருக்கிறது என்பதை அல்ல, அது தினமும் உங்களோடு வருமா என்பதை. வராத கத்தி எத்தனை வேலை செய்தாலும் வீட்டு அலமாரிக்குத்தான் செய்கிறது. இந்த அத்தியாயம் சொல்லவருவது ஒன்றுதான்: லிந்துலை போன்ற ஈரமும் ஏற்றமும் உள்ள ஊரில் அன்றாடம் பையில் கிடக்கும் கத்திக்கு இரண்டு அடுக்கும், ஏறத்தாழ 60 கிராம் எடையும் போதும். அதற்குமேல் சேரும் ஒவ்வொரு அடுக்கும் ஒரு வசதியைத் தந்துவிட்டு இரண்டு தொல்லைகளைக் கூட்டிவருகிறது. அடுக்கு என்று இங்கே சொல்வது, கத்தியை மேலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளங்களை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடியில் ஒரு வில் இருக்கிறது. அந்த வில்தான் அலகைத் திறந்த நிலையிலும் மடித்த நிலையிலும் பிடித்து நிறுத்துகிறது.

இது கஞ்சத்தனத்திலிருந்து பிறந்த யோசனை அல்ல, இந்தக் கத்தியின் பிறப்பிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற ஊரில் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கினார். ஓர் அலகு, ஒரு துளையூசி, ஒரு டின் திறப்பான், ஒரு திருகாணிச் சாவி என்று நான்கே கருவிகள். சிப்பாய் தன் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் டின்னில் அடைத்த உணவைத் திறக்கவும் வேண்டியிருந்ததால் அந்த நான்கும் அமைந்தன. மரக்கைப்பிடியோடு அந்தக் கத்தி ஏறத்தாழ 140 கிராம் எடையிருந்தது. உறுதியானதுதான், ஆனால் பையில் கனத்தது. எல்செனர் அடுத்துச் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. 1897 ஜூன் 12ஆம் திகதி அவர் சட்டப் பாதுகாப்புப் பெற்ற அதிகாரிகள் கத்தியில் கருவிகள் ஆறாக உயர்ந்தன, கத்தியோ மெலிந்தது. முதுகுப் பக்கம் திறக்கும் கருவிகளையும் அலகுப் பக்கத்து வில்லே தாங்கும்படி அமைத்ததால், ஆறு கருவிகளுக்கு இரண்டே வில் போதுமாயிற்று. இராணுவம் அதை யாருக்கும் வழங்கவில்லை, அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கிக்கொண்டார்கள். சொந்தக் காசு போட்டு, சொந்தப் பையில் சுமக்கிறவர்கள் இலேசானதைத் தேடினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய சான்று. இன்று விக்டோரிநாக்ஸ் என்ற பெயரில் அதே ஊரிலிருந்து வரும் இரண்டடுக்குக் கத்திகள் அந்த 1897ஆம் ஆண்டு அமைப்பிலிருந்து பெரிதாக விலகவில்லை.

எடைக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம். 91 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டடுக்குச் சுவிஸ் கத்தி 60 கிராம் அளவில் நிற்கிறது. அதே நீளத்தில், 33 வேலை செய்யும் என்று பெயர் பெற்ற சுவிஸ்சாம்ப் 185 கிராம். குறடு வைத்த லெதர்மேன் வேவ் 241 கிராம். இன்றைய கைத்தொலைபேசிகளில் பலவும் 200 கிராமைத் தொடுகின்றன, அது ஏற்கெனவே பையில் இருக்கிறது. அதோடு இன்னொரு 200 கிராமைச் சேர்த்து, லிந்துலைச் சந்தியிலிருந்து மேட்டு லயத்துக்குப் படியேறிப் பாருங்கள். காற்சட்டை ஒரு பக்கமாக இழுபடும், ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடிக்கும். முதல் வாரம் பெருமைக்காகச் சுமப்போம், இரண்டாம் வாரம் தோள்பைக்கு மாறும், பிறகு தோள்பையிலிருந்து வீட்டு ஆணிக்குப் போய்விடும். பொருளில் குறையில்லை. அது சுமக்கப்படும் இடத்துக்குப் பொருந்தாத எடை, அவ்வளவுதான்.

இங்கே எழும் எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பாவையும் மத்திய கிழக்கையும் சுற்றியபோது, காரையும் விடுதிக் குழாய்களையும் பழுதுபார்க்கச் சட்டைப்பைக் கத்தி போதாமல் தவித்துத்தான் குறடு வைத்த கருவியைச் சிந்தித்தார். 1980இல் காப்புரிமை பெற்று, 1983இல் விற்பனையைத் தொடங்கினார். பீலிக் குழாயின் கம்பிக்கட்டை முறுக்கவும், முச்சக்கர வண்டியின் நெகிழ்ந்த நட்டைப் பிடிக்கவும் கத்தியால் ஆகாது, குறடுதான் வேண்டும். உண்மை. ஆனால் குறடு கேட்கும் வேலைகள் பெரும்பாலும் ஓர் இடத்தைச் சுற்றியே வருகின்றன. வண்டிக்காரருக்கு அவை வண்டியில், ஸ்டோரில் இயந்திரம் பார்ப்பவருக்கு ஸ்டோரில், வீட்டுக்காரருக்கு வீட்டில். அந்த இடத்தில் ஒரு சாதாரணக் குறடு கிடந்தால் போதும். மடக்குக் கருவியில் உள்ள குறட்டைவிட அது நன்றாகவும் பிடிக்கும், விலையும் மிகக் குறைவு. தொழில்முறையில் நாள் முழுவதும் கம்பியோடும் குழாயோடும் அலைகிற ஒருவருக்கு மட்டும் இந்த அத்தியாயத்தின் முடிவு பொருந்தாது. அவர் இடுப்புப்பட்டியில் உறையோடு பெரிய கருவியை மாட்டிக்கொள்வதே சரி. அது அவருக்குச் சட்டைப்பைப் பொருள் அல்ல, தொழில் ஆயுதம்.

இரண்டு அடுக்கில் எதெது இருக்க வேண்டும் என்பதில்தான் ஊர் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கடையில் அதிகம் காணப்படும் வகையில் பெரிய அலகு, சிறிய அலகு, டின் திறப்பான், போத்தல் திறப்பான், துளையூசி, முதுகில் ஒரு தக்கைத் திருகி என்று இருக்கும். தக்கைத் திருகி பிரான்சுக்காரருக்கு வேண்டியது. நம் பக்கத்தில் சாராயப் போத்தலுக்குக்கூடத் திருகு மூடிதான். இறுகிய முடிச்சை நெகிழ்த்த அது உதவும் என்று சொல்வார்கள், உதவும்தான். ஆனால் முடிச்சுக்குத் துளையூசியே போதும். தக்கைத் திருகி இருந்த இடத்தில் நட்சத்திர முனைத் திருகாணிச் சாவி வைத்த வகையும் அதே எடையில், அதே விலையளவில் கிடைக்கிறது. விக்டோரிநாக்ஸ் அதை டிங்கர் என்ற பெயரில் விற்கிறது. பிளக்கின் மூடி, சுவரில் உள்ள சுவிட்ச் பலகை, டோர்ச், வானொலி, குழாய்க் கிளிப் என்று நாம் தினம் தொடும் பொருள்களில் நட்சத்திரத் தலைத் திருகாணிதான் நிறைய. தட்டை முனை வேண்டியபோது டின் திறப்பானின் நுனியும் போத்தல் திறப்பானின் நுனியும் இருக்கின்றன. பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், சுவிட்ச் பலகை என்றால் மெயினை அணைத்துவிட வேண்டும். கத்தியின் பிளாஸ்டிக் பக்கத்தகடு மின்சாரத்திலிருந்து காக்கும் என்று நம்பக்கூடாது, நடுவில் முழுவதும் உலோகம்.

டின் திறப்பானைச் சிலர் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குகிறார்கள். வளையம் இழுத்துத் திறக்கும் டின்கள் வந்துவிட்டன என்பது அவர்கள் வாதம். நம் கடைகளில் மீன் டின்கள் எல்லாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. வளையமுள்ள டின்னிலும் வளையம் பிய்ந்து கையோடு வருவது புதிதல்ல. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு டின் மீனும் இரண்டு இறாத்தல் பாணும் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடாகிற ஊரில், 1891ஆம் ஆண்டுச் சிப்பாய்க்கு வேண்டியிருந்த கருவி நமக்கும் வேண்டியதாகத்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறை மட்டும் பலருக்குப் பழக்கமில்லை. கொக்கியை டின்னின் விளிம்புக்கு வெளிப்பக்கம் மாட்டி, கத்தியை மேல்நோக்கித் தூக்கினால் முனை தகட்டில் இறங்கும். சிறிது முன்னே நகர்த்தி மறுபடி தூக்க வேண்டும். அழுத்திக் குத்துவது அல்ல, நெம்புவது. பெரிய அலகால் டின்னைக் குத்தினால் நுனி ஒடியும். வெட்டிய தகட்டின் ஓரம் கத்தியைவிடக் கூர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு அலகு எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஊரில் மிகத் தெளிவான விடை உண்டு. உரப்பையையும் மருந்துப் பொட்டலத்தையும் திறந்த அலகால் பாண் வெட்டக்கூடாது. களைகொல்லி, பூச்சிமருந்து, பூஞ்சண மருந்து எல்லாம் புழங்கும் கையில் ஒரே அலகு இருந்தால், என்றோ ஒரு நாள் அந்த விதி மீறப்பட்டுவிடும். பெரிய அலகைச் சாப்பாட்டுக்கும் சுத்தமான வேலைக்கும் ஒதுக்கி, சிறிய அலகைப் பை, கயிறு, பொலித்தீன் என்று அழுக்கு வேலைக்கு விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. அப்படியும் மருந்து பட்டால் கத்தி முழுவதையும் திறந்து சவர்க்காரத் தண்ணீரில் கழுவித்தான் மடிக்க வேண்டும். அலகு மடிந்து போய் உட்காரும் பள்ளத்தில் மருந்து தங்கினால் அடுத்த அலகுக்கும் ஒட்டிவிடும். உருளைக்கிழங்கு செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விதைக்கிழங்கைத் துண்டாக வெட்டும்போது, நோயுற்ற ஒரு கிழங்கிலிருந்து பக்டீரியா வாடல் நோயை அலகே அடுத்த கிழங்குக்குக் கொண்டுபோகும். கிழங்குக்குக் கிழங்கு அலகைத் துடைத்துச் சுத்தம் செய்வது கத்தியின் நலத்துக்காக அல்ல, தோட்டத்தின் நலத்துக்காக.

இனி ஈரம். அடுக்கைக் குறைக்கச் சொல்வதற்கு எடையைவிடப் பெரிய காரணம் இதுதான். தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1382 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. லிந்துலையும் அதைச் சுற்றிய தோட்டங்களும் அந்த உயரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் கிடக்கின்றன. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை இந்தச் சரிவுகளை நனைக்கிறது. மழையில்லாத மாலைகளில் மூடுபனி வந்து அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது. இங்கே சட்டைப்பை என்பதே பாதிநாள் ஈரத்துணிதான். அதற்குள் கிடக்கும் கத்தியின் ஒவ்வொரு பள்ளமும் துணிநார், தேயிலைத் தூசு, மண் எல்லாம் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் இடமாகிறது. இரண்டு பள்ளத்தை ஒரு துணி நுனியும் ஓர் ஈர்க்கும் கொண்டு ஒரு நிமிடத்தில் சுத்தம் செய்துவிடலாம். எட்டுப் பள்ளத்தை யாரும் செய்யமாட்டார்கள். துரு முதலில் பிடிப்பது நாம் பார்க்கும் அலகில் அல்ல, திறக்காமலே விட்டுவைத்த கருவியின் அடியில். ஆகவே அடிக்கடி தேவைப்படாத கருவி இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை, தேவைப்படும் கருவியையும் சேர்த்துக் கெடுக்கிறது.

துருப்பிடிக்காத எஃகுதானே, பிறகென்ன பயம் என்பார்கள். பெயர் அப்படி, நடப்பு கொஞ்சம் வேறு. சுவிஸ் கத்திகளின் அலகில் 13 முதல் 15 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது, அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். அட்டைக்காக உப்புப் பொட்டலத்தைப் பையில் வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். உப்பும் கத்தியும் ஒரே பையில் இருந்தால், துருப்பிடிக்காத எஃகிலும் ஊசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாகத் துரு விழும். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். வெறும் கார்பன் எஃகு அலகு என்றால் நிலைமை இன்னும் மோசம். பச்சைத் தேயிலைக் கொம்பை வெட்டினாலே அது கறுத்துவிடும். இலைச்சாற்றிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாகிறது, அந்தக் காலத்து எழுதும் மையே இந்தச் சேர்க்கைதான். கறை கெடுதலில்லை, துருதான் கெடுதல். கவ்வாத்துக் கத்திக்குக் கார்பன் எஃகு பொருந்துகிறதென்றால், அது தினமும் கல்லில் தீட்டப்படுவதால். சட்டைப்பைக் கத்தியை யார் தினமும் தீட்டுவார்கள்?

ஈரம் என்ற இதே காரணத்தால், உலகம் முழுவதும் நல்ல பெயர் வாங்கிய ஒப்பினல் கத்தியை லிந்துலைக்குச் சிபாரிசு செய்யத் தயங்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினல் உருவாக்கிய அந்த மரப்பிடிக் கத்தி எளிமைக்கே இலக்கணம்: ஓர் அலகு, ஒரு பிடி, 1955இலிருந்து திறந்த அலகைப் பூட்டும் ஒரு வளையம். எடையும் குறைவு. ஆனால் ஈரத்தில் மரம் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும், நனைந்த கையால் திறக்க முடியாமல் போகும். பிடியில் எண்ணெய் ஊறவைத்தால் குறையுமே தவிர நிற்காது. நல்ல கத்தி, நம் மழைக்கு ஏற்ற கத்தி அல்ல. நுவரெலியா ஏப்ரல் சீசனுக்குக் கொண்டுபோகலாம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய், கத்தியின் மூட்டுக்கும் அதையே விடுகிறோம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். இங்கே இரவில் போத்தலுக்குள் அது வெள்ளைக் கட்டியாக நிற்பதை எல்லாரும் பார்க்கிறோம். மூட்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கையும் சேர்க்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். சாப்பாடு வெட்டும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பாரஃபின் நல்லது.

கடினத்தைப் பற்றிய எதிர்வாதம் படித்த இளைஞர்களிடமிருந்து வருகிறது. சுவிஸ் அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56தான், 60ஐத் தாண்டிய எஃகுகள் வந்துவிட்டனவே, அவை பல மடங்கு காலம் கூர் நிற்குமே என்பது. நிற்கும். ஆனால் கூர் போன பிறகு அந்தக் கடின எஃகைத் தீட்ட வைரத்தூள் பதித்த தகடு போன்றவை தேவைப்படும், பக்கவாட்டில் நெம்பினால் விளிம்பு உதிரவும் கூடும். 56 என்பது வேண்டுமென்றே எடுத்த நடுவழி. கவ்வாத்துக்காரர் வைத்திருக்கும் தீட்டுக்கல்லின் நயமான பக்கத்தில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில், அழுத்தாமல் பத்துத் தடவை இழுத்தால் கூர் திரும்பிவிடும். கல்லும் இல்லையென்றால் பீங்கான் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு ஏறாத சொரசொரப்பான வளையத்தில் தீட்டலாம். விளம்பரத்தில் கடினம் பெரிதாகத் தெரியும், ஹற்றனிலும் தலவாக்கலையிலும் கிடைக்கும் கல்லுக்கு அடங்குகிறதா என்பதே நமக்குக் கேள்வி.

இந்த வகைக் கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் பூட்டும் அமைப்பு இல்லை, வில்லின் அழுத்தம் மட்டுமே. விரலில் மடிந்துவிடாதா என்று அஞ்சுபவர்களுக்காகவே, 2008இல் சுவிஸ் இராணுவம் ஏற்ற புதிய கத்தியில் பூட்டு வைத்தார்கள் என்று சொல்லலாம். கூடவே அது 111 மில்லிமீட்டர் நீளமும் 130 கிராம் எடையுமாக வளர்ந்துவிட்டது. பூட்டு பாதுகாப்புத்தான், மறுக்கவில்லை. எனினும் பூட்டில்லாத கத்தி மடிவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்: அலகின் நுனியால் குத்தும்போது, முதுகால் தட்டும்போது. இரண்டும் இந்தச் சிறு கத்திக்குரிய வேலைகள் அல்ல. இழுத்து வெட்டுவதுதான் அதன் வேலை, இழுக்கும்போது விசை அலகைத் திறந்த பக்கமாகவே தள்ளுகிறது. துளையூசியைப் பயன்படுத்தும்போதுதான் உண்மையில் கவனம் தேவை. படங்கில் துளை போடும்போது குத்தித் தள்ளாமல் திருகித் திருகி இறக்க வேண்டும். வெட்டுக் காயம் ஆழமானால், துருவும் மண்ணும் பட்ட அலகென்றால், லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

விலை என்பது வெறும் வாதம் அல்ல, சுவர். 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1350 ரூபாயாக்கப்பட்டது. அசல் சுவிஸ் கத்தி ஒன்று ஒரு வாரச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளும். அதே சிவப்பு நிறத்தில், அதே வடிவத்தில், பன்னிரண்டு கருவியோடு நடைபாதையில் அதன் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்போது எதற்கு இத்தனை காசு? மலிந்த கத்தி எல்லாமே மோசம் என்பதில்லை. ஆனால் மலிவிலும் எதைக் குறைத்து மலிவாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு கருவியைக் கொடுத்துவிட்டு விலையைக் குறைக்க வேண்டுமென்றால் எஃகிலும் வில்லிலும் கைவைத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே காசு போதாதவர் கருவியைக் குறைக்கட்டும், எஃகைக் குறைக்க வேண்டாம். துருப்பிடிக்காத எஃகில் ஒற்றை அலகுள்ள மடக்குக் கத்தி ஒன்றும், தனியாக ஒரு சிறு டின் திறப்பானும் வாங்கினால், வாய் பிளந்த பன்னிரண்டு கருவிப் பொம்மையைவிட அவை நெடுநாள் உழைக்கும்.

கடையில் சோதிப்பது கடினமல்ல, கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். கத்தியை மடித்தபடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடுக்குகளுக்கும் வில்லுக்கும் நடுவே வெளிச்சம் கீறினால் அங்கேதான் நாளைக்குத் தண்ணீர் போகும். ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடுங்கள். திறந்து முடியும் இடத்தில் டக்கென்ற தெளிவான ஓசையோடு நிற்க வேண்டும், சவசவவென்று போகக்கூடாது. திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மயிரிழை அசைவுக்கு மேல் இருந்தால் வைத்துவிடுங்கள். மடிக்கும்போது கூர்முனை வில்லின்மேல் மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் ஒவ்வொரு மடிப்பும் கூரைத் தின்னும். அசல் என்று சொல்லி விற்றால், பெரிய அலகின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் தெளிவாக அச்சடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகம் வெட்டிய கையோடு போய்ச் சோதிப்பதும் ஒரு சோதனை. நகத்தால் திறக்க முடியாத அளவு வில் இறுகியிருந்தால், குளிரில் விறைத்த விரலால் திறக்கவே முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் பை உள்ளவர்களுக்கு. கொழுந்தெடுக்கும் பெண்களின் உடுப்பில் பையே இல்லை, இருந்தாலும் அதன்மேல் படங்கு வரிந்து கட்டியிருக்கிறது. மலைநாட்டில் அதிக நேரம் வெளியில் வேலை செய்கிறவர்களை மனதில் வைக்காமல் எழுதப்படும் எந்தக் கத்தி ஆலோசனையும் பாதி ஆலோசனைதான். 60 கிராம்கூட அவர்களுக்கு அதிகம். 58 மில்லிமீட்டர் நீளமும் 22 கிராம் அளவு எடையுமுள்ள மிகச்சிறிய வகை ஒன்று இருக்கிறது: சிறு அலகு, சிறு கத்தரி, நகம் அராவி, பிடியில் செருகிய முள்வாங்கி. அந்தக் கத்தரியும் முள்வாங்கியும் மலையில் அலகைவிட அதிகம் பயன்படும். விரலில் சுற்றிய துணியை நறுக்க, மாத்திரைப் பட்டியை வெட்ட, பிசிறு நூலை அறுக்க, ஏறிய சிராயை எடுக்க என்று எல்லாவற்றுக்கும். உறுதியான நூலில் கோத்துக் கழுத்திலோ சாவிக்கொத்திலோ மாட்டிக்கொள்ளலாம். டின் திறக்க அது ஆகாது, வீட்டில் வேறு இருக்கட்டும். ஆண்களுக்கும் நூல் விஷயம் பொருந்தும். சட்டையின் மேற்பையில் போட்டுக்கொண்டு தேயிலைச் செடிக்குமேல் குனிந்தால் கத்தி செடிக்குள் விழும், விழுந்தது கிடைக்காது. காற்சட்டைப் பையே இடம், பின்முனை வளையத்தில் ஒரு நூலும் சேர்ந்தால் நல்லது.

பொலிஸ் பயம் சிலரைக் கத்தியே வேண்டாம் என்று சொல்லவைக்கிறது. யுத்த காலத்தில் கொழும்புக்குப் போன மலையக இளைஞர்களைச் சோதனைச் சாவடிகள் எப்படி நடத்தின என்று அறிந்த குடும்பங்களில் இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின், மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அன்றாட வேலைக்குரிய கத்திகள் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. கத்தியை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அதை எடைபோடுகிறார்கள் என்பதற்கு இது சான்று. டின் திறப்பானும் திருகாணிச் சாவியும் உள்ள, பூட்டில்லாத, சிறிய அலகுக் கத்தி தன் நோக்கத்தைத் தானே சொல்லும். பொத்தானை அமுக்கினால் பாயும் கறுப்பு அலகு வேறொன்றைச் சொல்லும், கேட்பவரும் அப்படியே எடுத்துக்கொள்வார். தற்காப்புக்கு என்று சட்டைப்பைக் கத்தியை வாங்குபவர் இரண்டு பக்கமும் நட்டப்படுவார்: சண்டையில் அது உதவாது, விசாரணையில் அந்த எண்ணமே எதிராக நிற்கும். உலகத்தின் போக்கும் இந்தத் திசைதான். பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகுவதால், அலகே இல்லாத சட்டைப்பைக் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக விக்டோரிநாக்ஸ் நிறுவனமே 2024இல் அறிவித்தது.

ஊருக்குள் புழங்கும்போது இந்தச் சட்ட யோசனைக்கெல்லாம் அவசியம் வராது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகிற நாளில், கூட்டத்துக்கு நடுவே சோதனை நடக்கும் திருவிழாவுக்குப் போகிற நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டுநாயக்கவில் கைப்பையிலோ காற்சட்டைப் பையிலோ இதை வைத்திருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஏற்றிவிடும் பெட்டிக்குள் போட வேண்டும், போகிற நாட்டின் சட்டம் என்ன என்பதையும் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டிய 58 மில்லிமீட்டர்க் கத்திதான் இப்படி மறந்து அதிகம் பறிபோகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சாவியிலிருந்து அதைக் கழற்றிவிடுங்கள்.